தேய்த்த இடம்

தம்புசாமி தானே நேரில் வந்தார். அதுதான் நாகையாவின் மனைவி சீதாலெட்சுமிக்குப் பிடிக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் அந்த அடுக்குமாடிக்கு லிப்ட் இல்லை. அவருடைய டிரைவர் பக்கிரிசாமி ஓர் அட்டைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் ஏறி வந்தான். இடுப்பில் பேஜர். தம்புசாமி பின்னால் நிதானமாக ஏறினார். மூச்சு வாங்கவில்லை.

"நாகையா வீடு இதானே?"

"ஆமா அண்ணே. உள்ள வாங்க," என்றாள் சீதா.

நாகையா ஓர் அச்சகத்தில் வேலை செய்தான். சனி ஞாயிறுகளில் மற்றவர்கள் ஒட்டிய பிளாஸ்டிக் பொம்மைக் கார்களுக்கும் விமானங்களுக்கும் ஏர்பிரஷால் சாயம் அடித்துக் கொடுப்பான். பங்சாரில் இருந்த பொம்மைக் கடைக்காரர் ஆள் அனுப்புவார். வருகிறவர்கள் வங்கியில் வேலை பார்க்கும் இளைஞர்கள், இரண்டொரு டாக்டர்கள். கிள்ளானிலிருந்து ஒரு லோரி கம்பெனி முதலாளி வந்தது இதுதான் முதல் முறை.

பக்கிரிசாமி பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தான். உள்ளே ஒரு லோரி. முழங்கை நீளம். வெள்ளை பிளாஸ்டிக். ஒட்டி முடித்திருந்தது, சாயம் இல்லை.

"என் தம்பி செஞ்சது," என்றார் தம்புசாமி. "ஜெயராஜ்."

நாகையா தலையாட்டினான். அந்தக் கதை அவனுக்குத் தெரியும். சீதாவின் அண்ணன் கிள்ளானில் இருந்தார். போன வருடம் பந்திங் சாலையில் ஜெயராஜ் ஓட்டிப்போன லோரிக்கு பிரேக் பிடிக்கவில்லை. அதற்கு முந்தின நாள் பிரேக்கைச் சரிசெய்த மெக்கானிக்கை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. தாய்லாந்துக்குப் போய்விட்டான் என்றார்கள் சிலர். சிலர் பேச்சை மாற்றினார்கள். சீதாவின் அண்ணன் பேச்சை மாற்றுகிறவர்.

"என் கம்பெனிக் கலர் அடிக்கணும். பக்கிரி, காட்டு."

பக்கிரிசாமி சட்டைப் பையிலிருந்து ஒரு பெயிண்ட் செதிலை எடுத்து வைத்தான். நீலம். எந்த லோரியிலிருந்து பெயர்த்தது என்று நாகையா கேட்கவில்லை.

"அவன் செஞ்சதுல எதையும் மாத்தாத."

"மாத்த மாட்டேன் அண்ணே. சக்கரம் ஒண்ணு கோணலா இருக்கு. அதை மட்டும்..."

"கோணலாவே இருக்கட்டும்."

சீதா டீ கொண்டு வந்தாள். அவர் கும்பிட்டு மறுத்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்மா. மறுநாள் தம்பிக்குத் திதி. வரும்போது குடிக்கிறேன்."

அவர் படியிறங்கிய பிறகும் பக்கிரிசாமி நின்றான். மறுத்த டீயை அவன் எடுத்துக் குடித்தான்.

"பயப்படாதீங்க அண்ணே. எங்க தவுக்கே நல்ல முதலாளி. அவரு வேலையைக் கெடுத்தவன் எவனும் அவரைப் பத்தித் தப்பா பேசுனதே இல்ல."

"அப்படியா?"

"பேசுறதுக்கு ஆளு இருக்கணும்ல," என்று சொல்லிச் சிரித்துவிட்டு இறங்கினான்.

*

சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் சின்ன இடத்தில் நாகையா வேலை செய்தான். கம்ப்ரசர் ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கழற்றியது. அதன் காற்று ஒரு லோரி டியூபுக்குள் போய், அங்கிருந்து ஏர்பிரஷுக்கு வரும். டியூப் இல்லாவிட்டால் காற்று விட்டுவிட்டு வரும். பிரைமர், அதாவது சாயத்துக்கு முந்தின அடிப்பூச்சு, புள்ளி புள்ளியாக விழும். நடுவில் ஒரு கண்ணாடிப் புட்டி. காற்றிலிருக்கும் ஈரம் அதில் தங்கும். மழை நாட்களில் அதை அடிக்கடி கவிழ்க்க வேண்டும்.

முன்பு தின்னர் கலந்த பிரைமர் அடித்தான். சீதாவுக்குத் தலைவலி வந்தது. இப்போது தண்ணீரில் கரையும் ஏக்ரிலிக். வாடை குறைவு. ஆனால் பிடிவாதம் அதிகம். பிளாஸ்டிக்கில் துளி எண்ணெய் இருந்தாலும் ஒட்டாது. ஊசி முனையில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்துத்தான் அடிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து லோரியைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவினான். ரேடியோவில் பழைய பாட்டு போய்க்கொண்டிருந்தது. மூட்டுகளில் பசை பிதுங்கியிருந்தது. ஜெயராஜுக்குப் பொறுமை கிடையாது போலிருக்கிறது. நாகையா சேண்ட்பேப்பரில் ஒரு துண்டு கிழித்து, தண்ணீரில் நனைத்து, பிதுங்கலைத் தேய்த்தான். முன்பக்கம். கதவு. டிரைவர் அறையின் கூரை. கூரையின் இடது ஓரத்தில் ஓர் அழுக்கு மாதிரி இருந்தது. பசை பட்ட விரலால் யாரோ தொட்டு, பிளாஸ்டிக் இளகி, ரேகை பதிந்திருந்தது. புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் செய்வது. கை தன்பாட்டுக்குத் தேய்த்தது. பாட்டு முடிவதற்குள் கூரை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

துண்டை அலசிக் காயப்போட்டான். காய்ந்ததும் மிலோ டின்னில் போடுவான். தேய்ந்த தாளை அவன் எறிவதில்லை. மெல்லிய வேலைக்குத் தேய்ந்த தாள்தான் நல்லது.

அன்றே பிரைமர் அடித்தான். முதலில் பனி மாதிரி ஒரு பூச்சு. காயவிட்டு இன்னொன்று. வெள்ளை லோரி சாம்பல் நிறமானது. பிரைமர் எதையும் மறைக்காது. வெள்ளையில் கண்ணுக்குத் தப்பிய கீறல்கூடச் சாம்பலில் தெரிந்துவிடும். நாகையா விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறலும் இல்லை.

"அழகா இருக்கு," என்றாள் சீதா.

"தம்பி ஒட்டுனது மோசம். நான்தான் சரி பண்ணேன்."

*

வியாழக்கிழமை டெலிபோன் அடித்தது. பக்கிரிசாமி.

"அண்ணே, தவுக்கே ஒண்ணு கேக்கச் சொன்னாரு. மேல தம்பியோட கட்டைவிரல் ரேகை இருக்குல்ல? நீலம் அடிச்சாலும் அது தெரியுமா?"

நாகையா போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"அண்ணே?"

"இருக்கேன்."

"தினமும் காலையில அவரு விரலை அதுல வச்சிட்டுத்தான் லோரிச் சாவியைத் தொடுவாரு. ஆபீஸ்ல நாங்க எல்லாம் வெளிய நிப்போம். அதனாலதான் கேக்குறாரு. தெரியும்ல?"

"தெரியும்," என்றான் நாகையா.

டெலிபோனை வைத்தான். பின்கட்டுக்குப் போய் லோரியைத் தூக்கினான். கூரையில் விரலை வைத்தான். வழுவழுவென்று இருந்தது. எங்கே இருந்தது என்று தேடினான். இடது ஓரம். எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? பெரிதா, சிறிதா? நினைவில்லை. அவன் அதை ஒரு குறையாகத்தான் பார்த்தான். விரலாகப் பார்க்கவே இல்லை.

"என்னங்க?" சீதா வாசலில் நின்றாள். "ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?"

சொன்னான்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கூப்பிட்டுச் சொல்லிடுங்க. தெரியாம நடந்துபோச்சுன்னு."

"மாத்தாதன்னு சொல்லிட்டுப் போனாரு. இங்கதான் நின்னு சொன்னாரு."

"மனுசன்தானே அவரும்."

"உங்க அண்ணனுக்குப் போன் போடு. அந்த மெக்கானிக் எங்கன்னு கேளு. அவரு பதில் சொன்னா நான் உடனே தவுக்கேயைக் கூப்பிடுறேன்."

சீதா போனைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை நாகையா வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னான். சொன்ன பிறகு உண்மையிலேயே உடம்பு சுட்டது.

பிளாஸ்டிக் கரண்டிகளில் முயன்று பார்த்தான். கரண்டியின் முதுகில் பசையைத் தடவி, பிளாஸ்டிக் இளகும்வரை காத்திருந்து, கட்டைவிரலை அழுத்தி எடுத்தான். ஒரு குழி விழுந்தது. குழிக்குள் ஒன்றுமில்லை. இன்னொரு கரண்டி. அதிலும் வெறும் குழி.

விரலை வெளிச்சத்தில் பார்த்தான். பளபளவென்றிருந்தது. வருடக்கணக்காக ஈரத் தாளும் தின்னரும் தேய்த்த விரல். அடையாளக் கார்டு மாற்றப் போனபோது அந்த அதிகாரி மறுபடி மறுபடி மை தடவிப் பார்த்துச் சலித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. அன்று நாகையா சிரித்தான்.

"சீதா."

அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் அவள் கையைப் பார்த்தான். அவள் உடனே கையை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

"வேணாங்க."

"ஒரே ஒரு தடவை."

"செத்தவன் விரல் இருந்த இடத்துல என் விரலா? நல்லாவா இருக்கு கேக்குறதுக்கு?"

"எனக்கு விரல்ல ஒண்ணுமே இல்ல. பாரு."

"அக்கம்பக்கத்துல கேளுங்களேன். மேல் மாடி பாலன் சும்மாதானே கிடக்கான்."

"கேட்டா ஏன் எதுக்குன்னு கேப்பான். சாயங்காலத்துக்குள்ள பாசார் பூரா தெரிஞ்சிடும்."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழம்பு கொதித்தது. அடுப்பை அணைத்தாள்.

"அந்த ஆளு கண்டுபிடிச்சிட்டா?"

"ரேகையை யாரு படிக்கப் போறா?"

"தினமும் தொடுற ஆளுங்க அது."

நாகையா டெட்டால் புட்டியைத் தேடினான்.

கூரையிலிருந்து பிரைமரை எடுக்க வேண்டும். டெட்டாலைப் பஞ்சில் நனைத்துக் கூரைமேல் வைத்தான். சாம்பல் பூச்சு சுருங்கி, பசை போலாகி, பஞ்சோடு வந்தது. வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாடை. வெள்ளை மறுபடி தெரிந்தது. கழுவித் துடைத்தான். கூரை ஏற்கெனவே தேய்த்து மெல்லிசாகியிருந்தது. பதிவு கெட்டுப்போனால் மறுபடி தேய்க்க முடியாது. ஓட்டை விழும்.

சீதா கரண்டிகளில் பழகினாள். முதலில் விரல் வழுக்கியது. அடுத்து அதிகம் அழுத்திவிட்டாள். அப்புறம் ஒரு கரண்டியில் ரேகை தெளிவாக விழுந்தது, சுழி சுழியாக. நாகையா அதன்மேல் பிரைமர் அடித்தான். சுழி நிரம்பிக் காணாமல் போனது. காற்றைக் குறைத்து, பிரைமரில் தண்ணீரைக் கூட்டி, தூரத்திலிருந்து அடித்தான். சுழி தங்கியது.

"விரல் எரியுது," என்றாள் சீதா. பசை பட்ட இடம் வெள்ளையாக உரிந்திருந்தது.

"இப்போ லோரி."

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கூரையின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோனான். அழுத்தினாள். எடுத்தாள்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ரேகை இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் மழை. புட்டியில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருந்தது. ஒரு சொட்டு ஏர்பிரஷ் வழியாக வந்தால் எல்லாம் போய்விடும். ஒவ்வொரு பூச்சுக்கும் புட்டியைக் கவிழ்த்தான். விசையை அழுத்தும்போதெல்லாம் முதலில் ஒரு பழைய பத்திரிகைமேல் அடித்துப் பார்த்தான். ஒரு கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு அடித்தான். பிரைமர் பிடித்தது. ரேகை சாம்பல் நிறத்தில் தெரிந்தது, வெள்ளையில் இருந்ததைவிடத் தெளிவாக.

நீலம் அடிக்கவில்லை. அதற்கு மேல் துணிவு வரவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்புசாமி வந்தார். நனைந்திருந்தார். பக்கிரிசாமி குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து நின்றான்.

"நீலம் எங்க?"

"பிரைமர் இன்னும் நல்லா காயல அண்ணே. மழை. அவசரப்பட்டா உரிஞ்சிடும். நீங்க முதல்ல பாத்துட்டீங்கன்னா..."

தம்புசாமி மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். லோரியைச் சுற்றிப் பார்த்தார். கோணல் சக்கரத்தைத் தொட்டார். பிறகு கையைக் கூரைமேல் வைத்தார். கட்டைவிரல் இடது ஓரத்தைத் தானாகக் கண்டுபிடித்தது. கண்ணை மூடினார்.

சீதா டீ கொண்டு வந்தாள். மேசையில் வைக்கத் தைரியமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

விரல் அங்கேயே இருந்தது. கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. பின்னால் நகர்ந்தது. எதையோ தேடுவது போல.

"அவனுக்குப் பெரிய கை," என்றார் கண்ணைத் திறக்காமல். "என் மோதிரம் அவன் சுண்டுவிரல்லதான் போகும்."

விரல் மறுபடி நகர்ந்தது.

"என் விரல் அதுக்குள்ள ஒக்காரும். இப்போ ஒக்காரல."

கண்ணைத் திறந்தார். நாகையாவைப் பார்க்கவில்லை. டீ கிளாஸைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த விரலை, அதில் உரிந்திருந்த தோலைப் பார்த்தார்.

"பக்கிரி. கதவைச் சாத்து."

பக்கிரிசாமி சாத்தினான். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

சீதாதான் பேசினாள்.

"என் விரல்தான் அண்ணே அது."

"அவன் விரல்?"

"நான் தேய்ச்சிட்டேன்," என்றான் நாகையா. "வேணும்னு இல்லண்ணே. பசை பட்ட இடத்தைப் பாத்தா தேய்ச்சிடுவோம். கை பழக்கம்."

தம்புசாமி முதல் முறையாக அவனைப் பார்த்தார்.

"பிரேக் சரி பண்ணவனும் அதையேதான் சொன்னான். கை பழக்கம்னு."

மழை ஜன்னலில் அடித்தது. பக்கிரிசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்று அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கையைக் குடு."

நாகையா நகரவில்லை. தம்புசாமி மேசையைத் தாண்டி அவன் கையைப் பிடித்து இழுத்தார். கட்டைவிரலைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். அதன்மேல் தன் நகத்தால் கோடு போட்டார். சீதாவின் கையில் டீ தளும்பியது.

"உனக்கே ஒண்ணும் இல்லையே லா," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். கையை விடவில்லை. "தேய்ச்சது எங்க?"

"அண்ணே?"

"தேய்ச்சா தூள் வரும்ல. அவன் விரல் இருந்த தூள். அது எங்க?"

நாகையாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. தண்ணீரைக் கழிவறையில் ஊற்றியாயிற்று. அதைச் சொல்ல முடியாது.

"தாள்ல ஒட்டியிருக்கும். சேண்ட்பேப்பர்ல."

"எடுத்துட்டு வா."

கையை விட்டார்.

நாகையா பின்கட்டுக்குப் போனான். மிலோ டின்னைத் திறந்து தரையில் கொட்டினான். தாள் துண்டுகள் பரவின. எல்லாமே விரல் அளவு. பலவற்றின் மடிப்பில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. அதே வாரம் ஒரு டாக்டருடைய விமானத்தைத் தேய்த்திருந்தான். அதுவும் வெள்ளை பிளாஸ்டிக். அதற்கு முன்னால் ஒரு கார். அதுவும் வெள்ளை.

முழங்காலிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தான். மூலையை எப்படிக் கிழித்தோம் என்று யோசித்தான். பாட்டு நினைவுக்கு வந்தது. தாள் வரவில்லை.

"நாகையா," என்ற குரல் உள்ளிருந்து வந்தது. சத்தம் இல்லாத குரல்.

ஒரு துண்டை எடுத்தான். அதில் தூள் அதிகமாக இருந்தது. எழுந்தான். சீதா சமையலறை வாசலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் கிடந்த மற்றத் துண்டுகளையும் பார்த்தாள். வழிவிட்டாள்.

தம்புசாமி மேசையில் தன் கைக்குட்டையை விரித்து வைத்திருந்தார்.

"இதானா?"

"இதான் அண்ணே."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் துண்டை வாங்கி, தூள் உதிராமல் நாலாக மடித்து, கைக்குட்டையில் வைத்து முடிந்தார். அந்த முடிச்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குத் திதி முடிஞ்சதும் போர்ட் கிள்ளான்ல கடல்ல விடுறேன்," என்றார். "போன வருசம் அவனை எரிக்கறப்போ கைன்னு ஒண்ணும் கிடைக்கல."

எழுந்தார். பக்கிரிசாமி லோரியைத் தூக்கப் போனான்.

"அது வேணாம். அது இவங்க வண்டி."

டீயை வாங்கினார். நின்றுகொண்டே முழுதும் குடித்தார். கிளாஸை சீதாவிடம் கொடுத்தார்.

"விரலுக்கு மருந்து போடும்மா."

பக்கிரிசாமி தாழ்ப்பாளைத் திறந்தான். வெளியே போகும்போது அவன் நாகையாவின் பக்கம் திரும்பி, தவுக்கேக்குக் கேட்காதபடி சொன்னான்:

"அந்த மெக்கானிக்கும் சத்தியம்தான் பண்ணான்."

படிகளில் இரண்டு பேருடைய காலடிகள் இறங்கின. கார் கிளம்பும் சத்தத்துக்காக இருவரும் காத்திருந்தார்கள். கிளம்பியது.

நாகையா பின்கட்டுக்குப் போனான். தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். சுவர் ஓரமாக, கம்ப்ரசருக்குக் கீழே, டின்னுக்குப் போகாத துண்டு ஒன்று கிடந்தது. செவ்வாய்க்கிழமை காயப்போட்ட இடத்திலிருந்து கீழே விழுந்திருக்க வேண்டும். மடிப்பு நிறைய வெள்ளைத் தூள்.

சீதா அதைப் பார்த்தாள். தூள் பறந்துவிடாமல் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

"எடுக்காதீங்க," என்றாள். "தொடாதீங்க அதை."